கலாசார அதிர்ச்சி: ஆங்கிலம் தெரிந்தவரும் தடுமாறுவது ஏன்?

கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு புறப்படும்போது வீடு முழுவதும் மாதக்கணக்கில் ஆயத்தமாகிறது. ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு வகுப்பு, வங்கியிலிருந்து சான்றுக் கடிதம், விசாவுக்கான மருத்துவச் சோதனை, குளிருக்கு ஜக்கெட், பெட்டியின் எடை கூடிவிடாதபடி நிறுத்து நிறுத்து வைக்கப்படும் மிளகாய்த்தூள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. போய் இறங்கிச் சில வாரங்களில் காரணம் புரியாமல் வந்து சேரும் களைப்பும் எரிச்சலும் மட்டும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. பிள்ளை தொலைபேசியில் குறைவாகப் பேசத் தொடங்கினால், வீட்டார் அதைத் தனிமை என்றோ சாப்பாட்டுக் குறை என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது வேறொன்று. சமூகவியலிலும் உளவியலிலும் கலாசார அதிர்ச்சி என்று அழைக்கப்படுவது அதுதான்.

பழகிய சமூகத்தில் யோசிக்காமலே செய்துவந்த அன்றாடக் காரியங்களுக்குப் புதிய இடத்தில் வேறு ஒழுங்குகள் இருப்பதால் உண்டாகும் தடுமாற்றமும், அந்தத் தடுமாற்றம் நாள்தோறும் தொடர்வதால் ஏற்படும் மனச்சோர்வும் சேர்ந்ததே கலாசார அதிர்ச்சி. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவருக்கு இப்படியொரு சிக்கல் வராது என்ற எண்ணம் கொழும்பில் நம்மிடையே வலுவாக இருக்கிறது. மொழி தெரிந்தால் மற்றவர் சொல்வது விளங்கும். அதை ஏன் அப்போது சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், பதிலுக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்பவை மொழியோடு தாமாக வந்துவிடுவதில்லை. என் கணிப்பில், மொழி நன்றாகத் தெரிந்தவரின் நிலை சில வேளைகளில் இன்னும் கடினமானது. தட்டுத்தடுமாறிப் பேசுகிறவரை உள்ளூரார் புதியவர் என்று கண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். சரளமாகப் பேசுகிறவர் தவறும்போது அவரைப் பண்பில்லாதவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நமக்கே தெரியாமல் நாம் அறிந்திருப்பவை

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். தேநீர் வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை, 'வேண்டாம், இப்பதான் குடிச்சனான்' என்கிறோம். வீட்டுக்காரர் மறுபடி வற்புறுத்தும்போது வாங்கிக்கொள்கிறோம். புதிதாக அறிமுகமான ஒரு தமிழரிடம் 'ஊரில எவ்விடம்?' என்று கேட்பதைக் குறுக்கு விசாரணையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. கடைக்காரரிடம் சிங்களத்தில் பேச்சைத் தொடங்கி, அவர் தமிழ் பேசுபவர் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறுகிறோம். போயா தினத்தில் மதுபானம் விற்கப்படாது என்பதையும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது பிழை என்பதையும் இந்நகரத்துச் சைவரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் நன்றாக அறிவார்கள்.

இவற்றை எந்தப் பாடசாலையிலும் யாரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. பெரியவர்களைப் பார்த்தும், ஓரிரு தடவை கண்டிக்கப்பட்டும், மற்றவர்களின் முகம் மாறுவதைக் கவனித்தும் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டோம். பிறகு கற்றோம் என்பதையே மறந்துவிட்டோம். வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டிப் பழகியவர் கனடாவில் வலப்பக்கமாக ஓட்ட நேர்ந்தால், முன்பு கையும் காலும் தாமாகச் செய்த ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அரைமணி நேரப் பயணமே அவரை அயரவைத்துவிடுகிறது. புதிய நாட்டில் முதல் சில மாதங்கள் வணக்கம் சொல்வதிலிருந்து குப்பை போடுவது வரை அனைத்தும் அப்படித்தான் நடக்கின்றன. பெரிய வேறுபாடுகளுக்கு மனம் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதால் அவை அவ்வளவாக வாட்டுவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் சிறு வேறுபாடுகள்தாம், காலை முதல் இரவு வரை சேர்ந்து ஒருவரைச் சோர்வடையச் செய்கின்றன.

இந்தக் கருத்து வளர்ந்த விதம்

இந்த நிலையைப் பலரும் அறியும்படி விளக்கியவர் கலேர்வோ ஒபேர்க் என்னும் மானிடவியலாளர். பின்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த அவர், 1954இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இருந்த மகளிர் கழகம் ஒன்றில் இதுபற்றி உரையாற்றினார். 1960இல் அது கட்டுரையாகவும் வெளிவந்தது. திடீரென்று வெளிநாட்டில் கொண்டுபோய் நடப்பட்டவர்களுக்கு வரும் ஒருவகைத் தொழில்சார் நோய் என்று அவர் இதை வருணித்தார். பழகிய சமூகத்தின் அடையாளங்களும் குறிப்புகளும் கைவிட்டுப்போவதால் எழும் பதற்றமே இதற்கு அடிப்படை என்றும் சொன்னார். அவர் தந்த அறிகுறிகளின் பட்டியலை இன்று வாசித்தாலும் வியப்பாக இருக்கிறது. அளவுக்கு மீறிக் கைகழுவுவது, குடிநீரையும் உணவையும் பற்றி ஓயாமல் கவலைப்படுவது, எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று அஞ்சுவது, எங்கோ வெறித்துப் பார்த்தபடி இருப்பது, சொந்த ஊரில் ஒரு நல்ல கோப்பியும், அப்பிள் பை என்னும் சுட்ட பழப் பண்டமும் கிடைக்காதா என்று ஏங்குவது ஆகியன அதில் உள்ளன. அப்பிள் பை இருக்கும் இடத்தில் இடியப்பத்தையும் சொதியையும் சம்பலையும் வைத்துப் படித்தால் இங்குள்ள பல குடும்பங்களுக்கு அது அறிமுகமான கதையாகவே இருக்கும்.

ஒபேர்க் நான்கு கட்டங்களைச் சொன்னார். முதலில் எல்லாமே அழகாகத் தெரியும் தேனிலவுக் காலம். அடுத்து, அன்றாட வாழ்க்கையின் தொல்லைகள் ஒன்றுசேர்ந்து, வந்த நாட்டின்மீதே வெறுப்பு உண்டாகும் நெருக்கடி. தன் நாட்டவரோடு கூடியிருந்து அந்நாட்டு மக்களைக் குறைசொல்வது இக்கட்டத்தின் தெளிவான அடையாளம் என்றார். பின்னர் மெல்ல மீண்டு, தன் தடுமாற்றங்களைப் பற்றித் தானே பகிடி சொல்லத் தொடங்கும் கட்டம். கடைசியாக, அங்குள்ள முறையும் வாழ்வதற்கான இன்னொரு முறையே என்று ஏற்றுக்கொள்ளும் நிலை.

இதே காலத்தில், 1955இல், நோர்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வேரே லிஸ்கோர்ட், புல்பிரைட் என்னும் அமெரிக்கக் கல்வி உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்றுவந்த 200 நோர்வேஜியர்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அங்கு ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் பதினெட்டு மாதத்துக்கு மேலாகவும் தங்கியிருந்தவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியிருந்தவர்களே குறைவாக ஒத்துப்போயிருந்தார்கள் என்று கண்டார். தொடக்கத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, மறுபடி உயரும் இந்தக் கோட்டை இன்றும் பல பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிகளில் வரைந்து காட்டுகின்றன. ஆனால் இதைக் கால அட்டவணையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூசிலாந்தில் கொலின் வோர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிரமம் மிகுதியாக இருந்தது வந்து சேர்ந்த தொடக்க நாட்களிலேயே என்று தெரியவந்தது. தேனிலவு என்று சொல்லத்தக்க காலம் அங்கு காணப்படவில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே அழுகை வருகிறவர் தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணத் தேவையில்லை. நான்காம் மாதத்தில் கட்டாயம் சோர்வு வரும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

விருந்தோம்பலும் வகுப்பறையும்

நம்மவர் முதலில் இடறும் இடங்களில் ஒன்று உபசாரம். மேலே சொன்ன தேநீர் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவிலோ நெதர்லாந்திலோ ஒரு வீட்டில் 'வேண்டாம்' என்று சொன்னால், பெரும்பாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்காரர் தன் கோப்பையை மட்டும் நிரப்பிக்கொள்வார், விருந்தாளி பசியோடு இருப்பார். நம்மவர் அதைக் கஞ்சத்தனம் என்கிறார். வீட்டுக்காரரின் பார்வையில், ஒருவர் வேண்டாம் என்ற பிறகும் வற்புறுத்துவது அவருடைய சொல்லை மதிக்காமல் நடப்பதாகும். இரு பக்கத்திலும் மரியாதைதான் நோக்கம். அதைக் காட்டும் வழி மாறுகிறது. இதில் நாம் உலகத்தின் ஒரு கோடியில் நிற்கிறோம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஈரானில் கடைக்காரர்கூட முதலில் 'பணம் வேண்டாம்' என்று சொல்வதும், வாங்குபவர் வற்புறுத்திக் கொடுப்பதும் வழக்கமாக உள்ளன. அதை அப்படியே நம்பிப் பொருளோடு வெளியேறும் கொழும்புக்காரர் அங்கே பெரும் பிழை செய்தவராவார்.

முன்னறிவித்தல் இன்றி ஒருவர் வீட்டுக்குப் போவது, சம்பளத்தையும் திருமணத்தையும் பற்றி விசாரிப்பது, 'மெலிஞ்சு போனீர்' என்று உடம்பைப் பற்றிச் சொல்வது ஆகியனவும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். அக்கறையின் வெளிப்பாடாக இங்கே செய்யப்படும் இவை, பல நாடுகளில் மற்றவரின் தனிவாழ்வுக்குள் நுழைவதாகக் கருதப்படும்.

வகுப்பறையும் அலுவலகமும் இதைவிடச் சிக்கலானவை. ஆசிரியரை 'சேர்', 'மிஸ்' என்றே அழைத்துப் பழகிய மாணவருக்கு, மெல்பேர்ணிலோ இலண்டனிலோ பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழாது. சில வாரங்களில் அது பழகிவிடும். உண்மையான ஆபத்து அதன் பிறகுதான் தொடங்குகிறது. பெயர் சொல்லி அழைக்கலாம், கால்மேல் கால் போட்டு உட்காரலாம், அவர் சொன்னதை மறுத்துப் பேசலாம் என்றானதும், மற்ற எல்லாமே அவ்வாறு தளர்வானவை என்று மாணவர் எண்ணிவிடுகிறார். ஒப்படையை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்துவிட்டுப் பேராசிரியரின் அறைக்குப் போய்க் காரணம் சொன்னால், அவர் சிரித்த முகத்துடன் கேட்டுவிட்டு, விதிமுறைப்படி புள்ளியைக் குறைப்பார். இங்கே பேச்சில் பணிவு அதிகம். காலக்கெடுவில் நெகிழ்வும் ஓரளவு உண்டு. அங்கே பேச்சில் நெகிழ்வு, காலக்கெடுவில் இறுக்கம். கடினம் எங்கே இருக்கிறது என்பதே இடம் மாறியிருக்கிறது. புறப்படும் மாணவர்களுக்கு ஒரே ஒரு செய்தி சொல்ல அனுமதி கிடைத்தால் நான் இதையே சொல்வேன்.

மேலைநாடுகள் எல்லாம் ஒன்றுபோல என்று நினைப்பதும் தவறு. ஜேர்மனியில் பேராசிரியரைப் பட்டத்தோடும் குடும்பப் பெயரோடும் அழைப்பதும், மரியாதைப் பன்மையில் பேசுவதும் இன்னும் இயல்பு. அந்த வகையில் ஜேர்மனிய வகுப்பறை நமக்குப் பிரித்தானிய வகுப்பறையைவிட நெருக்கமானது. அதே ஜேர்மனியில் வேலையில் பிழை இருந்தால் மேலாளர் நேராகவே சொல்வார். பிரித்தானிய மேலாளர் அதையே ஒரு யோசனைபோல மென்மையாகச் சொல்வார். யோசனைதானே என்று விட்டுவிட்ட ஊழியர் பிறகு சங்கடப்படுவார். ஜப்பானில் பதில் சொல்லாத மௌனமே மறுப்பாக இருக்கக்கூடும்.

அண்டை அயலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜேர்மனியில் இரவு பத்து மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரைச்சல் எழுப்பக் கூடாது; சுவரில் துளையிடுவதும் வெற்றுப் போத்தல்களைக் கண்ணாடிக் கழிவு சேர்க்கும் பொதுத் தொட்டியில் போடுவதும் அதில் அடங்கும். சுவிற்சர்லாந்தின் பல தொடர்மாடிகளில் துணி துவைக்கும் அறை பொதுவானது, ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வகுக்கப்பட்டிருக்கும். வேறொருவரின் நாளில் இயந்திரத்தைப் போட்டால் அயலுறவு கெட்டுவிடும். ஜப்பானில் எந்தக் கிழமை எந்தக் குப்பை என்பதை உள்ளூராட்சி வகுத்திருக்கும்.

வளைகுடா நாடுகளுக்குப் போவோருக்கு நோன்பு மாதம் புதிதல்ல. அயல்வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் நோன்புக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள் கொழும்பில் பலர். ஆனால் இங்கே நோன்பிருக்காதவர் பகலில் கடையில் சாப்பிடலாம். குவைத்தில் நோன்பு மாதத்துப் பகற்பொழுதில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் சட்டப்படி தண்டனைக்குரியவை.

மனநிலை வேறு, நடைமுறைத் திறன் வேறு

கொலின் வோர்ட்டின் மற்றொரு பங்களிப்பு, அன்றாட வாழ்வில் மிகவும் பயன்படுவது. ஒத்துப்போதல் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் இரண்டு இருக்கின்றன என்று அவரும் அன்ரனி கென்னடியும் பிரித்துக் காட்டினர். ஒன்று உளவியல் சார்ந்தது: மனம் அமைதியாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்பது. மற்றது சமூகம் சார்ந்தது: அங்கே கடைக்குப் போகவும், வரிசையில் நிற்கவும், மறுக்கவும், முறையிடவும், நட்பாகவும் தெரியுமா என்பது. ஒன்று சரியாக இருந்து மற்றது சரியில்லாமல் இருக்க முடியும். இரண்டுக்கும் பரிகாரமும் வெவ்வேறு.

மனநிலையைப் பொறுத்தவரை, ஊரவரின் துணையும் தாய்மொழிப் பேச்சும் பழகிய உணவும் பெரிதும் உதவும். வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இலண்டனில் டிசம்பர் பிற்பகுதியில் அது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கார்த்திகை, மார்கழியில் வரும் சோர்வை முழுவதும் கலாசாரத்தின் தலையில் போடாமல், நண்பகலில் வெளியே நடந்துவருவது நல்லது.

நடைமுறைத் திறனோ உள்ளூராரோடு பழகாமல் வருவதில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும், இலண்டனின் ஹரோவிலும், பாரிஸின் லா சப்பலிலும் தமிழ்க் கடையும் தமிழ் மருத்துவரும் தமிழ் நண்பர்களும் கிடைப்பதால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் அந்த வட்டத்துக்குள்ளேயே வாழ்ந்துவிட முடியும். கனடிய உளவியலாளர் ஜோன் பெரி இதை ஒதுங்கி வாழ்தல் என்று வகைப்படுத்தினார். சொந்தத்தை விட்டு முழுவதும் அந்நாட்டாராவது, இரண்டையும் இழந்து நடுவில் நிற்பது, இரண்டையும் வைத்திருப்பது என்பன அவர் சொன்ன மற்ற மூன்று வழிகள். இரண்டையும் வைத்திருப்பவர்களே பொதுவாக நலமாக இருக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வுகளில் தொடர்ந்து வந்த முடிவு. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மாறிமாறிப் பேசி, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு முறைக்கு ஏற்ப நடந்து வளர்ந்த கொழும்புப் பிள்ளைக்கு இந்த நான்காம் வழி அந்நியமானதே அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ கொழும்புக்கு வந்து நிலைத்தவர்களுக்கு இதில் முன்னனுபவமே உண்டு.

நடைமுறையில் செய்யக்கூடியவை எளியவை. ஒரு வழக்கம் எரிச்சலூட்டினால், இந்த மக்கள் இப்படித்தான் என்று முடிவெடுக்கும் முன், அந்த வழக்கம் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளூர்ச் சக ஊழியர் அல்லது வகுப்புத் தோழர் ஒருவரிடம், 'இங்கே இதை எப்படிச் செய்வார்கள்?' என்று நேராகவே விசாரிக்கலாம். பெரும்பாலானோர் விருப்பத்தோடு விளக்குவார்கள். வட்ஸ்அப் அழைப்புக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வித்தியாசம். அம்மா விழித்திருக்கும் நேரத்துக்காகத் தினமும் முற்பகல் நேரத்தை ஒதுக்கும் மாணவர், காலை வகுப்பு முடிந்து மற்றவர்கள் சேர்ந்து கோப்பி குடிக்கும் நேரத்தை இழக்கிறார். நட்பு உருவாகும் நேரமும் அதுதான்.

எவை இதில் அடங்கா

எல்லாத் துன்பத்தையும் இந்தப் பெயருக்குள் அடக்குவது தவறு. ஒபேர்க்கின் உரை, நல்ல வருமானமும் திரும்பிப் போகும் வசதியும் உள்ளவர்களை மனத்தில் வைத்தது. வீட்டுப் பணிக்குச் சென்ற ஒரு பெண்ணின் கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைத்திருப்பதையும், சம்பளத்தைக் கொடுக்காமல் விடுவதையும் 'அந்த நாட்டுப் பழக்கம், பொறுத்துக்கொள்' என்று சொல்வது அநியாயம். கட்டார் உட்படப் பல வளைகுடா நாடுகளின் சட்டங்களே கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதைத் தடைசெய்கின்றன. அங்குள்ள இலங்கைத் தூதரகத்திடமும் இங்குள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் முறையிட வேண்டிய விடயம் அது. தோலின் நிறத்துக்காக வேலையிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கப்படுவதும் அப்படியே. தன் நடத்தையைத் திருத்திக்கொள்வதால் அது தீராது. தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆர்வமின்றிப் போனால், பழகினால் சரியாகும் என்று காத்திராமல் மருத்துவரிடமோ பல்கலைக்கழக ஆலோசகரிடமோ போக வேண்டும்.

திரும்பி வரும்போதும் இதே தடுமாற்றம் ஏற்படுவது பலருக்கு எதிர்பாராதது. 1963இல் கல்லஹோர்ன் தம்பதியர் இதை எடுத்துக்காட்டி, முன்பு சொன்ன கோட்டுடன் இன்னொரு தாழ்வையும் உயர்வையும் சேர்த்தனர். வெளிநாட்டில் இருந்தவர் மாறியிருக்கிறார், ஊரும் மாறியிருக்கிறது. ஆனால் சொந்த ஊர் என்பதால் இருவருமே விட்டுக்கொடுப்பை எதிர்பார்ப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வந்த மகன் அறைக் கதவைத் தட்டிவிட்டு வரச் சொல்கிறான், மாமா வருமுன் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்கிறான், இரண்டாம் தடவை சோறு போடவந்தால் தட்டை மறைக்கிறான். வெளிநாட்டுத் திமிர் என்று வீட்டார் சொல்வதற்கு முன், அவன் அங்கே சிரமப்பட்டுக் கற்ற ஒழுங்குகள் அவை என்பதையும், மறுபடி மாற்றிக்கொள்ள அவனுக்குச் சில வாரங்கள் வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அவனும், மாமா அறிவிக்காமல் வந்ததற்குக் காரணம் தன்னைப் பார்க்கும் ஆவல்தான் என்பதை எண்ணி, தேநீரை முதல் கேள்வியிலேயே வாங்கிக் குடிக்கலாம்.